கிளிமஞ்சாரோ: எந்தப் பாதை, எத்தனை நாள்?

அக்கா மகள் போன வாரம் போன் செய்தாள். அடுத்த பிப்ரவரியில் தோழியோடு டான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலை ஏறப் போகிறாளாம். நான்கு கம்பெனிகளிடம் விலை கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். "சித்தி, மராங்கு ரூட்ல அஞ்சு நாள்தான். கட்டில், மெத்தையோட குடிசை இருக்காம். விலையும் கம்மி. லெமோஷோன்னா எட்டு நாள் டெண்ட்லயே படுக்கணும், காசும் கூட. எதுக்கு அவ்வளவு நாள்? மலை ஒரே மலைதானே?" என்று கேட்டாள்.

மலை ஒரே மலைதான். நான் அதை இரண்டு முறை ஏறப் போனேன். முதல் முறை மராங்கு வழியாக ஐந்து நாள் திட்டம். சுமார் 5,150 மீட்டரில், ஹான்ஸ் மேயர் குகைக்குப் பக்கத்தில், என்னைத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து லெமோஷோ வழியாக எட்டு நாள். அந்த முறை 5,895 மீட்டர் உச்சியில் நின்றேன். இரண்டாம் முறை எனக்கு மூன்று வயது கூடியிருந்தது; பயிற்சியும் முதல் முறை அளவுக்குச் செய்யவில்லை. மலையில் தூங்கிய இரவுகள் மட்டும் அதிகம். அவளுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை, இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

வழிகாட்டி இல்லாமல் போகலாமா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. 1991 முதல் கிளிமஞ்சாரோ தேசியப் பூங்காவில் பதிவு பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏறக்கூடாது. கயிறு, பனிக்கோடரி எதுவும் பெரும்பாலான பாதைகளுக்குத் தேவையில்லை. நடக்கத் தெரிந்தால் போதும். அதனால்தான் பலரும் இதைச் சுலபமான மலை என்று நினைத்துவிடுகிறார்கள். நம்மைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் உயரம். எந்தப் பாதை என்று ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

உடம்பின் கணக்கு

உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் ஒரு மூச்சில் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜன் பாதியாகிவிடுகிறது. உடம்பு இதைச் சமாளிக்க வேகமாக மூச்சு விடத் தொடங்கும். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை ஏறும். அதைச் சிறுநீரகம் சரிசெய்ய வேண்டும். இந்த வேலைக்கு மணிக்கணக்கு போதாது, நாட்கள் ஆகும். உடற்பயிற்சி செய்து இதை வேகப்படுத்த முடியாது. மாரத்தான் ஓடுபவரும் மலையில் படுத்துத்தான் ஆக வேண்டும்.

மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான விதி இது: 3,000 மீட்டருக்கு மேல் போனதும், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்குங்கள். பகலில் எவ்வளவு உயரம் போனாலும் பரவாயில்லை, இரவு எங்கே தலை சாய்க்கிறோம் என்பதே கணக்கு.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் மராங்குவைப் பாருங்கள். முதல் இரவு மந்தாரா குடிசை, சுமார் 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் இரவு கிபோ குடிசை, 4,720. ஒவ்வொரு நாளும் சரியாக ஆயிரம் மீட்டர். விதியைப் போல இரண்டு மடங்கு. கிபோவில் இரவு முழுக்கத் தூங்கவும் விடுவதில்லை. பதினோரு மணிக்கு எழுப்பி, நள்ளிரவில் உச்சிக்குக் கிளப்பிவிடுவார்கள்.

எட்டு நாள் லெமோஷோவில் முதல் இரவு மழைக்காட்டுக்குள், சுமார் 2,800. பிறகு ஷிரா 1 முகாம், 3,500. ஷிரா 2, சுமார் 3,850. பராங்கோ, 3,950. கரங்கா, 4,000. கடைசியாக பராஃபு, சுமார் 4,670. ஷிரா 2 முதல் கரங்கா வரை மூன்று இரவுகள் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் படுக்கிறோம். முகாம் பலகைகளில் இருக்கும் எண்ணும் வரைபட எண்ணும் இருபது, ஐம்பது மீட்டர் முன்பின் இருக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசி இரவு மட்டும் இங்கும் பெரிய தாவல்தான். ஆனால் அந்தத் தாவலுக்கு முன் உடம்புக்கு மூன்று இரவு அவகாசம் கிடைத்துவிடுகிறது.

இது இன்று நேற்றுக் கற்ற பாடமும் இல்லை. 1889இல் முதன்முதலாக உச்சி தொட்ட ஜெர்மானியர் ஹான்ஸ் மேயர் அதற்கு முன் 1887இல் வந்து தோற்றுப் போனார். அடுத்த ஆண்டு கடற்கரையில் நடந்த கிளர்ச்சியில் பிடிபட்டு, மலைக்கு வராமலே திரும்பினார். மூன்றாம் முறை ஆஸ்திரியாவின் லுட்விக் புர்ட்ஷெல்லரோடு வந்தபோது, மலைமேல் இடையிடையே முகாம் போட்டு, கீழிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருக்க ஏற்பாடு செய்துகொண்டார். அக்டோபர் 3ஆம் தேதி எரிமலை வாயின் விளிம்பு வரை போய், முடியாமல் இறங்கினார்கள். அவசரப்படாமல் முகாமில் ஓய்வெடுத்து, 6ஆம் தேதி உச்சியில் ஏறினார்கள். சோறும் இடமும் இருந்ததால் அவர்களால் காத்திருக்க முடிந்தது.

லாவா டவர் நாள்

எல்லாப் பாதைகளையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள் என்றால், நான் லாவா டவர் நாளைத்தான் எடுப்பேன். மச்சாமே, லெமோஷோ என்ற இரண்டு பாதைகளும் தெற்கு நோக்கி வரும்போது இந்த நாள் வருகிறது. காலையில் சுமார் 3,800 மீட்டரிலிருந்து கிளம்பி, மதியம் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் என்ற கருப்புப் பாறைத் தூணுக்கு ஏறி, மாலையில் பராங்கோ பள்ளத்தாக்குக்கு இறங்கிப் படுக்கிறோம். உயர ஏறி, தாழப் படு என்பார்கள்.

அன்று எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதினொரு மணிக்கு மேல் புருவத்துக்கு நடுவில் ஒரு வலி தொடங்கியது. டவருக்குக் கீழே கூடாரம் போட்டு மதியச் சாப்பாடு வைத்திருந்தார்கள். காய்கறி சூப்பை இரண்டு வாய் குடித்ததும் குமட்டியது. வெள்ளைக் கழுத்துக் காகம் ஒன்று, நம் ஊர்க் காகத்தைவிட ஒன்றரை மடங்கு பெரியது, கல்மேல் உட்கார்ந்து ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி விரலில் ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் கருவியை மாட்டினார். 79. நான் பயந்து அவர் முகத்தைப் பார்த்தேன். "இந்த உயரத்துக்கு இது சரிதான், இன்னும் அரை மணி நேரம் இங்கேயே உட்காருவோம்" என்றார். உட்கார்ந்தோம்.

பிறகு இறக்கம். சின்ன ஓடை ஒன்று கூடவே வந்தது. ஆள் உயரத்துக்கு மேல், இரண்டு ஆள் உயரத்துக்கும் வளர்ந்த ராட்சத செனெசியோ மரங்கள் காய்ந்த இலைகளைச் சட்டை மாதிரி போர்த்திக்கொண்டு பள்ளத்தாக்கு முழுக்க நிற்கின்றன. கிளிமஞ்சாரோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. இரவு உறைபனியில் குருத்து செத்துவிடாமல் இருக்க, இலைகளை உள்நோக்கிக் குவித்து மூடிக்கொள்ளும். அவற்றுக்கு நடுவே நடக்கும்போதே தலைவலி எங்கே போனதென்று தெரியவில்லை. மாலை கூடாரத்தில் அளந்தபோது 87. இரவு ஒரு தட்டுச் சோறும் பீன்ஸும் முழுதாகச் சாப்பிட்டேன்.

மராங்குவில் இந்த மாதிரி ஒரு நாள் கிடையாது. ஹொரொம்போவில் கூடுதலாக ஒரு இரவு தங்கும் ஆறு நாள் திட்டத்தில், ஸீப்ரா பாறைகள் வரை சுமார் 4,000 மீட்டருக்கு ஏறிவிட்டு இறங்கி வருவார்கள். அது இதில் பாதி பலன் தரும். ஐந்து நாள் திட்டத்தில் அதுவும் இல்லை.

பாதைகள்

மராங்கு. பழைய பாதை, குடிசை இருக்கும் ஒரே பாதை. மந்தாராவிலும் ஹொரொம்போவிலும் முக்கோண வடிவ மரக் குடிசைகள், அடுக்குக் கட்டில், மெத்தை. கிபோவில் கல் கட்டடம், பொது அறை. மழைக்காலத்தில்தான் லீவு கிடைக்கிறது, ஈரக் கூடாரத்தில் படுக்கவே முடியாது, முதுகு ஒத்துழைக்காது என்பவர்களுக்கு இது நல்ல பாதை. போன வழியே திரும்ப வேண்டும் என்பது ஒரு குறை. ஆனால் அதையே நல்லதாகவும் எடுத்துக்கொள்ளலாம்: ஏறும்போது வேர்வையோடு குனிந்தே கடந்த ஹீத்தர் புதர்க் காட்டை இறங்கும்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். மராங்கு போவதென்றால் ஆறு நாள் போங்கள். ஐந்து நாள் திட்டத்தை விற்கவே கூடாது என்பது என் கருத்து.

அந்த ஐந்து நாளில் எனக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிபோ குடிசையில் மாலையிலிருந்தே தலை பிளந்தது. சாப்பிட முடியவில்லை. வாயைத் திறந்து சொன்னால் மேலே அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்து மறைத்தேன். அது நான் செய்த பெரிய தவறு. நள்ளிரவில் கிளம்பினோம். காலடியில் எரிமலைச் சரளை. இரண்டடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். குகை அருகில் உட்கார்ந்தபோது பாட்டில் மூடியைத் திறக்க விரல் வரவில்லை, குளிர் என்று நினைத்தேன். துணை வழிகாட்டி என் பேச்சு குழறுவதைக் கவனித்துவிட்டார். கைத்தடியால் சரளையில் ஒரு கோடு கிழித்தார். குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து அந்தக் கோட்டின் மேலேயே நடக்கச் சொன்னார். மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் பக்கவாட்டில் சாய்ந்தேன். "துஷுகே" என்றார். இறங்குவோம் என்று ஸ்வாஹிலியில் பொருள். தள்ளாடுவது மூளையில் நீர் கோத்துக்கொள்ளத் தொடங்கியதற்கு அறிகுறியாக இருக்கலாம். அதற்கு முதல் மருந்து உடனே இறங்குவதுதான். விடிவதற்குள் என்னைக் கைத்தாங்கலாக ஹொரொம்போ வரை இறக்கிவிட்டார். அங்கே போய்ச் சேர்ந்ததும் பசித்தது. அவருக்கு நான் பட்ட கடன் தீராது.

மச்சாமே. இப்போது கூட்டம் அதிகமாக ஏறும் பாதைகளில் ஒன்று. தெற்குச் சரிவின் மழைக்காட்டில் தொடங்கி, ஷிரா பீடபூமியைத் தொட்டு, லாவா டவர், பராங்கோ, பராஃபு வழியாகப் போகிறது. ஆறு நாள், ஏழு நாள் என்று இரண்டு திட்டங்கள். வித்தியாசம் கரங்காவில் ஒரு இரவு. ஆறு நாளில், பராங்கோ சுவரில் ஏறி, கரங்கா பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி, அன்றே பராஃபு வரை போய்ச் சேர்ந்து, அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். ஏழு நாளில், அந்த ஒரு நீண்ட நாள் இரண்டு அரை நாளாகப் பிரிகிறது. பராஃபுவில் மதியமே சேர்ந்து, சாப்பிட்டு, கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்பலாம். என்னைக் கேட்டால் கிளிமஞ்சாரோவில் காசு கொடுத்து வாங்கக்கூடிய மிக மதிப்பான ஒரு இரவு கரங்கா இரவுதான்.

பராங்கோ சுவரைப் பற்றிப் பலருக்கும் பயம். படத்தில் பார்த்தால் செங்குத்தாகத் தெரியும். சுமார் 250 மீட்டர் உயரம். கையையும் ஊன்றி ஏற வேண்டிய இடங்கள் சில உண்டு. ஒரு இடத்தில் பாறையை அணைத்தபடி நகர வேண்டும். முகம் பாறையில் படுவதால் அதற்கு முத்தப் பாறை என்றே பெயர். உயரம் கண்டால் தலை சுற்றும் என்பவர்கள் மட்டும் இதை யோசித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அது அந்த வாரத்தின் மிகச் சந்தோஷமான காலையாக இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

லெமோஷோ. மேற்கே லொண்டொரொசி வாயிலில் பதிவு செய்துவிட்டுத் தொடங்குகிறது. லாவா டவருக்குப் பக்கத்தில் மச்சாமேயோடு சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு இரண்டும் ஒன்றே, கூட்டமும் ஒன்றே. ஆகவே லெமோஷோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு முதல் மூன்று நாளுக்குத்தான். அந்த மூன்று நாள் என்ன தருகிறது? ஆளில்லாத காடு. கருப்பு வெள்ளைக் கொலபஸ் குரங்குகள் தோளில் சால்வை போட்ட மாதிரி கிளை விட்டுக் கிளை தாவும். பிறகு திடீரென்று காடு முடிந்து, ஷிரா பீடபூமி விரிகிறது. அது ஒரு காலத்தில் தனி எரிமலையாக இருந்து, பிறகு உள்வாங்கிச் சரிந்துபோனது. அந்தச் சமவெளியில் ஒரு முழு நாள், உச்சி இருக்கும் கிபோ சிகரத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல நடக்கிறோம். நாம் ஏறப்போகும் மலை முழுசாகக் கண்ணில் படுவது அப்போதுதான். இதிலும் ஏழு நாள் திட்டம் உண்டு; எட்டு நாள் கிடைக்குமானால் எட்டு.

ரொங்காய் வடகிழக்கே, கென்ய எல்லைக்கு அருகிலிருந்து ஏறுகிறது. மழை மேகங்களைத் தெற்குச் சரிவு தடுத்துக்கொள்வதால் இந்தப் பக்கம் காய்ந்திருக்கும். மழை மாதங்களில் கூடாரப் பாதைதான் வேண்டும் என்றால் இதுதான் சரி. ஏழு நாள் திட்டத்தில் சுமார் 4,300 மீட்டரில், கிளிமஞ்சாரோவின் இன்னொரு சிகரமான மவென்சியின் அடிவாரக் குளத்தருகே தங்குவார்கள். 5,149 மீட்டர் உயரமான மவென்சியின் முறிந்த பற்கள் போன்ற பாறைகள் தலைக்கு மேல் நிற்கும். அங்கிருந்து கிபோ குடிசைக்கு வந்து, உச்சிக்குப் போய், மராங்கு வழியாக இறங்க வேண்டும். அமைதி வேண்டுவோருக்கு நல்ல பாதை. காட்சிகள் லெமோஷோ அளவுக்கு மாறிக்கொண்டே இருப்பதில்லை.

வடக்குச் சுற்று ஒன்பது நாள். லெமோஷோ போலத் தொடங்கி, தெற்கே திரும்பாமல் மலையின் ஆளற்ற வட பக்கத்தைச் சுற்றி வந்து கிழக்கிலிருந்து ஏறுகிறது. நான் போனதில்லை. உடம்பு பழகுவதற்கு இதைவிட நிதானமான திட்டம் கிளிமஞ்சாரோவில் இல்லை. லீவும் பணமும் இருந்தால் இதற்கே போங்கள்.

உம்ப்வே செங்குத்தான, குறுகிய பாதை. முதல் முறை போகிறவர்கள் தொட வேண்டாம். வெஸ்டர்ன் பிரீச் வழியாக எரிமலை வாய்க்குள் ஏறும் திட்டத்தையும் சில கம்பெனிகள் விற்கின்றன. 2006 ஜனவரியில் அங்கே பாறை சரிந்து மூன்று அமெரிக்கர்கள் இறந்தார்கள். பனி உருகும்போது பாறைகளைப் பிடித்துவைத்திருக்கும் பிடி தளர்கிறது. என் அக்கா மகளை நான் அங்கே அனுப்ப மாட்டேன்.

உச்சியின் கடைசி ஒரு மணி நேரம்

இதை யாரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை. கிபோ குடிசையிலிருந்து ஏறுகிறவர்கள் (மராங்கு, ரொங்காய்) எரிமலை வாயின் விளிம்பைத் தொடும் இடம் கில்மன்ஸ் பாயிண்ட், சுமார் 5,685 மீட்டர். அங்கிருந்து உஹுரு உச்சிக்கு விளிம்பிலேயே இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். பராஃபுவிலிருந்து ஏறுகிறவர்கள் (மச்சாமே, லெமோஷோ) தொடும் இடம் ஸ்டெல்லா பாயிண்ட், 5,750 மீட்டருக்குச் சற்றுக் கூட. அங்கிருந்து உச்சி முக்கால் மணி, ஒரு மணி நேரம். சரளையில் ஆறு மணி நேரம் ஏறி, நம்மிடம் இருந்த எல்லாம் தீர்ந்துபோன நிலையில், இன்னும் இரண்டு மணி நேரம் என்பதற்கும் ஒரு மணி நேரம் என்பதற்கும் வித்தியாசம் பெரியது. கில்மன்ஸ் பாயிண்டிலேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு.

நான் ஸ்டெல்லா பாயிண்டுக்கு வந்தபோது கிழக்கே மவென்சிக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. தண்ணீர்க் குழாய் உறைந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பாட்டிலைத் தலைகீழாக வைத்துக் கொண்டு போனதால் அதன் வாய் மட்டும் உறையவில்லை. இடது பக்கம் பனிச்சுவர்கள், இளநீல நிறத்தில். 1912இல் அளந்த பனியில் ஐந்தில் ஒரு பங்குகூட இப்போது அங்கே மிச்சமில்லை. நம் பிள்ளைகள் போகும்போது அந்தச் சுவர்கள் இருக்குமா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். உஹுரு என்றால் விடுதலை. 1961 டிசம்பரில் தாங்கனிக்கா (இன்றைய டான்சானியாவின் பெருநிலப் பகுதி) விடுதலை பெற்ற இரவில் இங்கே ஒரு தீபம் ஏற்றி வைத்தார்கள். அதுவரை இந்த உச்சிக்கு ஜெர்மன் பேரரசரின் பெயர்.

காசு

நாட்கள் கூடக் கூட கம்பெனிகள் சொல்லும் விலை ஏன் ஏறுகிறது என்று புரிய, பூங்காக் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளாக இருக்கும் கட்டணம் இது: வெளிநாட்டவருக்கு நுழைவு ஒரு நாளைக்கு 70 டாலர், கூடாரம் ஒரு இரவுக்கு 50, குடிசை 60, மீட்புக் கட்டணம் பயணத்துக்கு 20, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வரி. பணம் கட்டும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதன்படி ஐந்து நாள் மராங்குவுக்கு வரியோடு சுமார் 720 டாலர், ஆறு நாளுக்கு 873. மச்சாமே ஆறு நாள் 814, ஏழு நாள் 956. எட்டு நாள் லெமோஷோ 1,097. ஒன்பது நாள் வடக்குச் சுற்று 1,239. கூடாரப் பாதையில் ஒரு நாள் கூட்டினால் பூங்காவுக்கு மட்டும் 142 டாலர் போகிறது. ஆள் கூலி, சாப்பாடு தனி. விமான டிக்கெட், விசா, உடுப்பு, டிப்ஸ் என்று எப்படியும் செலவழிக்கப்போகும் தொகையோடு வைத்துப் பாருங்கள். ஐந்து நாள் போய்த் திரும்பி வந்து, மறுபடி எட்டு நாள் போன என் கணக்கை விடச் செலவான கணக்கு வேறு இல்லை.

இந்தக் கட்டணத்தை வைத்தே இன்னொன்றும் கண்டுபிடிக்கலாம். எட்டு நாள் லெமோஷோவை ஒருவர் 1,400 டாலருக்குத் தருகிறார் என்றால், பூங்காவுக்கு 1,097 போக அவர் கையில் மிஞ்சுவது 300. அதில் எட்டு நாள் சாப்பாடு, வண்டி, வழிகாட்டி, சமையல்காரர், போர்ட்டர்கள் எல்லோருக்கும் கூலி. கணக்கு எங்கே இடிக்கும்? போர்ட்டரின் கூலியில்தான் இடிக்கும்.

முதல் முறை என் பையைச் சுமந்த பையனுக்குக் காலில் கிழிந்த கேன்வாஸ் ஷூ. கிபோ குடிசை வாசலில் அவன் ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்துச் சூடேற்றிக்கொண்டு நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. விலை குறைவு என்று நான்தான் அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தேன். பூங்கா விதிப்படி ஒரு போர்ட்டர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, வாயிலில் எடை போடுவார்கள். கூலி, மூன்று வேளைச் சாப்பாடு, தூங்கக் கூடாரம் இதெல்லாம் சரியாகக் கிடைக்கிறதா என்று மலையடிவார ஊரான மோஷியில் உள்ள கிளிமஞ்சாரோ போர்ட்டர் உதவித் திட்டம் கண்காணித்து, ஒழுங்காக நடத்தும் கம்பெனிகளின் பட்டியலை வைத்திருக்கிறது. கம்பெனியை ஒப்பிடும்போது முதலில் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, தினமும் காலை மாலை ஆக்சிஜன் அளப்பீர்களா, அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கூட வருமா, ஒருவர் திரும்ப நேர்ந்தால் அவரோடு இறங்கத் தனி வழிகாட்டி இருப்பாரா என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றுக்கும் நேரடியாகப் பதில் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள். காப்பீடு எடுக்கும்போது 6,000 மீட்டர் வரை மலையேற்றத்துக்குச் செல்லுமா என்று பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலமும் மற்றவையும்

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையும், ஜூன் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரையும் காய்ந்த காலம். ஏப்ரல், மே பெருமழை, நவம்பர் சிறுமழை. ஜனவரி, பிப்ரவரியில் கொஞ்சம் கதகதப்பு, ஜூலை, ஆகஸ்டில் குளிரும் கூட்டமும். உச்சியில் எந்த மாதமும் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி, சில நாள் 20 டிகிரி வரை போகும். முழு நிலவை ஒட்டி உச்சி இரவு வரும்படி தேதி பார்த்தால், தலைவிளக்கே தேவைப்படாத அளவுக்கு வெளிச்சம் இருக்கும்.

உயரத்தால் வரும் நோயைத் தடுக்கச் சாப்பிடும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றியும் அவள் கேட்டாள். அது சிறுநீரகம் செய்யும் அந்தச் சரிசெய்தலைச் சீக்கிரமாக்குகிறது, நாட்களுக்கு மாற்றாகாது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனிகள் மரத்துப்போகும், இரவில் நாலு முறை எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும். நான் இரண்டாம் முறை மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட்டேன்.

டான்சானியா 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்திருக்கிறது. பையில் துணிகளை பாலிதீனில் சுற்றி வைக்கும் நம் பழக்கத்தை விட்டுவிட்டு, துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. அருஷாவுக்குப் பக்கத்தில் மேரு என்ற மலை, 4,560 மீட்டருக்குச் சற்று மேல். மூன்று, நான்கு நாளில் ஏறி இறங்கலாம்; குடிசைகள் உண்டு; காட்டெருமை இருப்பதால் துப்பாக்கியோடு ரேஞ்சர் ஒருவர் கூடவே வருவார். மேருவை முடித்துவிட்டு ஒரு நாள் ஓய்வெடுத்து, ஆறு நாள் மராங்குவோ ஏழு நாள் மச்சாமேயோ போனால் உடம்பு ஏற்கனவே பாதி பழகியிருக்கும். மொத்த நாள் லெமோஷோவைவிட அதிகம்தான். ஆனால் இரண்டு மலை, மேருவிலிருந்து மேகத்துக்கு மேல் தனியாக மிதக்கும் கிளிமஞ்சாரோவைப் பார்க்கும் விடியல். குடிசையில்தான் தூங்க முடியும் என்பவர்களுக்கு மேருவும் மராங்குவும் சேர்ந்த திட்டத்தைத்தான் நான் சொல்வேன்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லி முடித்தேன். நேற்று இரவு மெசேஜ் வந்தது. லெமோஷோ எட்டு நாளுக்கே மனசு சாய்கிறதாம். ஆனால் தோழிக்குப் போக்குவரத்தும் சேர்த்துப் பத்து நாளுக்கு மேல் லீவு கிடைக்காது. மலைக்கு ஏழு நாள்தான் ஒதுக்க முடியும். "ஏழு நாள் லெமோஷோவா, ஏழு நாள் மச்சாமேயா சித்தி?" என்று கேட்டிருந்தாள். கம்பெனி அனுப்பிய இரண்டு திட்டத்தையும் வாங்கிப் பார்த்தேன். அந்த லெமோஷோ திட்டத்தில் பராங்கோவிலிருந்து நேராக பராஃபு போட்டிருந்தார்கள், கரங்கா இல்லை. மச்சாமேயில் கரங்கா இருந்தது. மச்சாமே எடு என்று பதில் போட்டேன்.